சமூகக் குழந்தை நலத் திட்டத்துக்குச் சிறு மானியம்: படிவத்துக்கு முன்பிருந்து கணக்கு முடிப்பது வரை

ஆண்டுக்கு 2,000 டாலர் என்பது வண்டி வாங்கவும் கட்டடம் எழுப்பவும் பற்றாத பணம். ஆனால் 12 தன்னார்வலர்களைப் பழக்கி, 600 குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும்போது ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு, குளுக்கோஸ் தூள்) கரைசலும் ஜிங்க் மாத்திரையும் வீட்டிலேயே கிடைக்கும்படி செய்ய அது போதும். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் இடறுவது எழுத்துத் திறமையில் அல்ல, வேலையின் வரிசையில். அறிவிப்பைப் பார்த்ததும் படிவத்தைத் திறந்துவிடுகிறார்கள். படிவத்தைக் கடைசியில் திறக்க வேண்டும்.

கீழே உள்ள வரிசை, குறைந்த வருமான நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும் நடக்கும் சிறு திட்டங்களுக்கானது. கணக்கு காட்டுவதற்காக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துச் செல்கிறோம்: 4,000 பேர் வாழும் ஒரு கிராமத் தொகுப்பு, 5 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 600 பேர், பிரச்சினை வயிற்றுப்போக்கு. கடைசி நாளுக்கு 12 வாரம் முன்னதாகவே தொடங்குங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் அடுத்த சுற்றுக்குத் தயாராவது நல்லது. 3-ஆம், 4-ஆம் படிகள் அலுவலகங்களின் வேகத்தில்தான் நகரும், அங்கே உங்கள் வேகம் செல்லாது.

1. பொருந்தாத மானியங்களை முதலில் கழித்துவிடுங்கள்

சிறு மானியம் என்ற பெயரில் பல அளவுகள் உலவுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் ஐகேட்ச் மானியம் ஆண்டுக்கு 2,000 டாலர் வரை, 3 ஆண்டுகள் என்ற அளவில் அறியப்பட்டது. ரோட்டரி அறக்கட்டளையின் குளோபல் கிராண்டுக்கோ திட்டத்தின் மொத்த மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். முன்னதுக்கு எழுதும் திட்டத்தைப் பின்னதுக்கு நீட்டி எழுத முடியாது. இரண்டும் வேறு வேறு வேலை.

ஒவ்வோர் அறிவிப்பிலும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எந்த நாடுகள் தகுதி பெறும்? திட்டத் தலைவர் அதே நாட்டில் வசிக்க வேண்டுமா? எதற்குப் பணம் தரமாட்டார்கள்? பணம் ஒரே தடவையில் வருமா, தவணையா?

நாட்டுத் தகுதிக்குப் பல நிறுவனங்கள் உலக வங்கியின் வருமானப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அந்தப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று மாறும். சென்ற ஆண்டு தகுதியாக இருந்த நாடு இந்த ஆண்டு மேல்நடுத்தர வகைக்கு ஏறியிருக்கலாம். பழைய அறிவிப்பை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

தரமாட்டோம் என்ற பட்டியலில் சம்பளம், கட்டடம், வாகனம், ஆராய்ச்சி, வெளிநாட்டுப் பயணம் ஆகியவை அடிக்கடி வரும். உங்கள் திட்டத்தின் முதுகெலும்பே அவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த மானியத்தை விட்டுவிடுங்கள். சம்பளத்தைப் “பயிற்சிச் செலவு” என்று பெயர் மாற்றி நுழைப்பதைப் பரிசீலிப்பவர்கள் முதல் வாசிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

2. ஒரே ஒரு பிரச்சினையை எண்ணித் தேர்ந்தெடுங்கள்

“தாய் சேய் நலம், ஊட்டச்சத்து, சுகாதார விழிப்புணர்வு” என்று மூன்றையும் சேர்த்து எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. நிறைய செய்தால் நிறைய பிடிக்கும் என்ற எண்ணம். 2,000 டாலரை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 667 டாலர். அதில் எதுவும் முழுதாக நடக்காது என்பது படிப்பவருக்குத் தெரியும்.

அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் பதிவேட்டைக் கேட்டுப் பெறுங்கள். கடந்த 12 மாதங்களில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எதற்காக வந்தார்கள் என்று மாதவாரியாக எண்ணுங்கள். 12 மாதமும் வேண்டும். மழைக்காலத்து மூன்று மாதங்களை மட்டும் எடுத்தால் வயிற்றுப்போக்கும் மலேரியாவும் பெருத்துத் தெரியும், குளிர்காலத்தை மட்டும் எடுத்தால் நிமோனியா.

பதிவேட்டில் நிலையத்துக்கு வந்த குழந்தைகள்தான் இருப்பார்கள். வராதவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தாய்மார்களுடன் இரண்டு மூன்று கூட்டங்கள் போதும். கேள்வி எளிமையாக இருக்கட்டும்: கடைசியாகக் குழந்தைக்கு வயிற்றால் போனபோது முதலில் என்ன கொடுத்தீர்கள், யாரிடம் போனீர்கள், எத்தனை நாள் கழித்து? தண்ணீர் கொடுப்பதையே நிறுத்திவிடும் பழக்கம் இருக்கிறதா என்பது இந்தக் கூட்டத்தில்தான் வெளியே வரும், பதிவேட்டில் வராது.

தேர்ந்தெடுக்கும் பிரச்சினைக்கு மூன்று தகுதிகள் இருக்க வேண்டும்: நிரூபிக்கப்பட்ட எளிய தீர்வு, அதைப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் செய்ய முடிவது, ஓர் ஆண்டுக்குள் மாற்றத்தை எண்ணிக்காட்ட முடிவது. ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இந்த மூன்றிலும் தேறும். பிறவி இதயக் கோளாறு தேறாது. அது சிறிய பிரச்சினை என்பதற்காக அல்ல, இந்தப் பணத்தின் அளவுக்கு அது எட்டாது என்பதற்காக.

ஓர் எச்சரிக்கை. குழந்தைகளைப் பரிசோதித்துக் கண்டறியும் திட்டம் என்றால், கண்டறிந்த பின் எங்கே அனுப்புவீர்கள் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மேல்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைக்குக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அந்தக் குழந்தைக்குச் சிகிச்சை தரும் இடமும், அங்கே சிகிச்சை உணவு இருப்பும் இல்லாமல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது தாயிடம் பயத்தை மட்டும் விட்டுவிட்டு வருவதாகும்.

3. பணம் வரும் வழியைச் சரிபாருங்கள்

தேர்வான பிறகு பணம் வாங்க முடியாமல் நிற்கும் திட்டங்கள் உண்டு. பல நாடுகளில் வெளிநாட்டு நன்கொடை பெற முன் அனுமதி வேண்டும். இந்தியாவில் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. வங்கதேசத்தில் தொண்டு நிறுவனங்கள் என்.ஜி.ஓ. விவகாரச் செயலகத்தின் ஒப்புதலைத் திட்டவாரியாகப் பெற வேண்டும். உங்கள் நாட்டின் விதியை மாவட்ட அலுவலகத்திலோ தணிக்கையாளரிடமோ நேரில் கேட்டு, சட்டத்தின் பெயரோடு எழுதி வையுங்கள்.

உங்களுக்குப் பதிவு இல்லையென்றால், உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தந்தால் மட்டும், பதிவுள்ள மருத்துவமனையையோ தொண்டு நிறுவனத்தையோ பணம் பெறும் அமைப்பாக வைக்கலாம். அப்படி வைத்தால் அவர்கள் எத்தனை சதவீதம் நிர்வாகச் செலவாக எடுப்பார்கள், பணம் வந்து எத்தனை நாளுக்குள் உங்களுக்கு விடுவிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி ஒப்பந்தம் முதல் தவணை வரைக்கும் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது.

வங்கிக் கணக்கு தனிநபர் பெயரில் இருக்கக் கூடாது. இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று அமையுங்கள். இருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்க வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் பணத்தை நடுவில் கைமாற்றும் இடைவங்கி அதைத் திருப்பிவிடலாம். திரும்பிப் போய் மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும், இரண்டு பக்கமும் கட்டணம் வெட்டப்படும்.

வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டை வங்கிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். சிறு கிளைகளுக்குத் தனிக் குறியீடு இருக்காது. தலைமைக் கிளையின் குறியீட்டோடு உங்கள் கிளையின் எண்ணையும் தர வேண்டிவரும்.

4. சுகாதார அலுவலகத்திடம் வேலை சொல்லும் கடிதம் வாங்குங்கள்

“இந்த நற்பணியை வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம்” என்ற கடிதத்தால் பயனில்லை. பரிசீலிப்பவர் தேடுவது: அலுவலகம் எதைத் தரும், யார் பொறுப்பு, எதுவரை? கடிதத்தின் வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அதிகாரிக்கு நேரம் மிச்சம், உங்களுக்கும் தேவையான வாசகம் கிடைக்கும்.

நம் உதாரணத்தில் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: தன்னார்வலர் பயிற்சிக்கு ஒரு செவிலியரை 3 நாள் அனுப்புவது, கடும் நீரிழப்புள்ள குழந்தைகளைச் சுகாதார நிலையம் காத்திருக்கவிடாமல் ஏற்பது, 2-ஆம் ஆண்டிலிருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் அரசு இருப்பிலிருந்து தருவது. இந்த மூன்றாவது வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. மானியம் முடிந்ததும் என்ன ஆகும் என்ற கேள்வி ஒவ்வொரு படிவத்திலும் உண்டு. அதற்கு இந்த ஒரு வரி பதில் சொல்லிவிடும்.

ஊர்க்குழுவிடம் இன்னொரு கடிதம் வாங்குங்கள். தன்னார்வலர்களை யார் தேர்ந்தெடுப்பது, கூட்டத்துக்கு இடம் யார் தருவது என்பது அதில் வர வேண்டும். தேர்வைத் திட்டத் தலைவரே செய்தால் அவருடைய உறவினர்களே வந்து நிறைவார்கள். வராவிட்டாலும் ஊர் அப்படித்தான் பேசும்.

5. குறிக்கோளை ஒரு பின்னமாக எழுதுங்கள்

“வயிற்றுப்போக்கு இறப்பைக் குறைப்போம்” என்று எழுதாதீர்கள். 600 குழந்தைகள் உள்ள இடத்தில் ஓர் ஆண்டில் நிகழும் இறப்புகள் ஒற்றை இலக்கத்தில் இருக்கும். அது இரண்டிலிருந்து ஒன்றானால் திட்டத்தால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, மூன்றானால் திட்டம் தோற்றது என்றும் சொல்ல முடியாது.

எண்ணக்கூடியது நடைமுறை. இப்படி எழுதுங்கள்: “கடந்த 2 வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டும் பெற்றவர்களின் பங்கை 12 மாதத்தில் 15 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்துவது.” மேலே வரும் எண் எது, கீழே வரும் எண் எது, எந்தக் காலம், எங்கிருந்து எங்கே: நான்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இதில் 15 என்பது உதாரணம். உங்கள் தொடக்க எண்ணை நீங்கள்தான் கணக்கெடுப்பில் காண வேண்டும். விண்ணப்பத்தின்போது சரியான எண் கையில் இல்லையென்றால் 2-ஆம் படியில் எடுத்ததை வைத்து மதிப்பிட்டு, “முதல் 60 நாளில் அளந்து உறுதிசெய்வோம்” என்று எழுதுங்கள்.

இங்கே பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. விகிதம் ஒன்றை 10 சதவீதப் புள்ளிக்குள் துல்லியமாக அறிய 96 பேரைக் கேட்டால் போதும் என்று புள்ளியியல் கையேடுகள் சொல்லும். சரிதான். ஆனால் அந்த 96 பேரும் கீழே வரும் எண்ணில் சேர்பவர்களாக, அதாவது கடந்த 2 வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளாக இருக்க வேண்டும். நூற்றுக்கு 15 குழந்தைகளுக்குத்தான் அப்படி வந்திருக்கிறது என்றால், 96 குழந்தைகளின் வீட்டுக்குப் போனால் கையில் கிடைப்பது 14 பேர். 14 பேரை வைத்துச் சதவீதம் பேசுவது வீண். 600 குழந்தைகளையும் பார்த்தால்தான் ஏறக்குறைய 90 கிடைக்கும்.

ஆகவே இந்த அளவுள்ள ஊரில் மாதிரி எடுக்க வேண்டாம், எல்லா வீட்டுக்கும் போங்கள். 600 குழந்தைகள் சுமார் 400 வீடுகளில் இருப்பார்கள். கேள்விகள் 10-க்கு மிகாவிட்டால் ஒருவர் ஒரு நாளில் 25 வீடு முடிக்கலாம். 4 பேர், 4 நாள். இந்தக் கணக்கெடுப்பிலேயே ஒவ்வொரு குழந்தையின் பெயர்ப் பட்டியலும் தயாராகிவிடும். அதுதான் பிறகு தன்னார்வலரின் பதிவேடு.

தொடக்கக் கணக்கெடுப்பையும் இறுதிக் கணக்கெடுப்பையும் ஆண்டின் ஒரே மாதத்தில் வையுங்கள். வறண்ட மாதத்தில் தொடங்கி மழை மாதத்தில் முடித்தால் நோயின் எண்ணிக்கையும் வீட்டாரின் நடத்தையும் இரண்டுமே மாறியிருக்கும்; ஒப்பிட முடியாது.

6. பொருளின் அளவைக் கணக்கிடுங்கள்

குறைந்த வருமான நாடுகளில் ஒரு குழந்தைக்கு ஆண்டில் 2 முதல் 3 முறை வயிற்றுப்போக்கு வரும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 2 என்று எடுத்தால் 600 குழந்தைகளுக்கு 1,200 தடவை. ஒரு தடவைக்கு 1 லிட்டர் பாக்கெட் 2 என்றால் 2,400 பாக்கெட் வேண்டும் என்று தோன்றும். அவ்வளவும் வாங்கினால் பாதிக்கு மேல் அலமாரியில் காலாவதியாகும். உங்கள் இலக்கே 40 சதவீதம்தான். 1,200-இல் 40 சதவீதம் 480. இரண்டால் பெருக்க 960. சேதத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் 1,056. ஆக 1,060 பாக்கெட்.

ஜிங்க் 20 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று, 10 முதல் 14 நாள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி. 480 தடவைக்குப் பத்து வீதம் 4,800 மாத்திரை. அரை மாத்திரை எடுக்கும் கைக்குழந்தைகளால் மிஞ்சுவது சேதத்தை ஈடுகட்டும்.

பாக்கெட் வாங்கும்போது எத்தனை மில்லிலிட்டருக்கானது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவை ஒரு லிட்டருக்கு 20.5 கிராம். சந்தையில் 200 மில்லிலிட்டருக்கான சிறு பாக்கெட்டும் உண்டு. இரண்டையும் கலந்து வாங்கி வைத்தால், லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைக்கும் தவறு நிச்சயம் நடக்கும். உப்பு ஐந்து மடங்கு ஏறிய கரைசல் குழந்தைக்கு ஆபத்து. திட்டம் முழுக்க ஒரே அளவுப் பாக்கெட் என்று முடிவு செய்யுங்கள்.

7. பட்ஜெட்: ஒவ்வொரு வரியும் ஒரு பெருக்கல்

“பயிற்சி 300 டாலர்” என்று எழுதினால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எத்தனை பேர், எத்தனை நாள், தலைக்கு எவ்வளவு என்ற பெருக்கலைக் காட்டுங்கள். கீழே முதல் ஆண்டுக்கான 2,000 டாலர் பிரிந்திருக்கும் விதம். விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்களுடையதை மூன்று விலைப்புள்ளி வாங்கி நிரப்புங்கள்.

தன்னார்வலர் பயிற்சி, 12 பேர் × 3 நாள் × 8 டாலர்: 288
பயிற்றுநர் வந்துபோகும் செலவு, 2 பேர் × 3 நாள் × 15 டாலர்: 90
பதிவேடு, படவிளக்க அட்டை, அளவுக் குடுவை: 150
ஓ.ஆர்.எஸ்., 1,060 × 0.12 டாலர்: 127
ஜிங்க், 4,800 × 0.03 டாலர்: 144
மேற்பார்வைப் பயணம், 12 மாதம் × 20 டாலர்: 240
மாதக் கூட்டப் படி (பயணம், சாப்பாடு), 12 பேர் × 12 மாதம் × 3 டாலர்: 432
கணக்கெடுப்பு, 4 பேர் × 4 நாள் × 10 டாலர் × 2 தடவை: 320
தொலைபேசி, 12 மாதம் × 5 டாலர்: 60
வங்கிக் கட்டணம்: 60
எதிர்பாராச் செலவு: 89

கூட்டினால் 2,000. கவனியுங்கள், மருந்துப் பொருள் 271 டாலர்தான். மிகப் பெரிய வரி மாதக் கூட்டம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் போடுவார்கள்: பொருளுக்கு 1,200, மேற்பார்வைக்கு ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர் மூன்றாவது மாதத்தில் ஓய்ந்துபோவது மனம் மாறியதால் அல்ல. பதிவேட்டை யாரும் வந்து பார்க்காததால், பாக்கெட் தீர்ந்ததும் திரும்ப நிரப்பப்படாததால்.

மாதத்துக்கு 3 டாலர் சம்பளம் ஆகாது, அப்படிக் காட்டவும் வேண்டாம். அது பயணமும் சாப்பாடும். சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இந்தப் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை என்பதால் வேலையைச் சுருக்க வேண்டும்: ஒரு தன்னார்வலருக்கு 50 குழந்தைகள், வாரத்துக்குச் சில மணி நேரம். அதற்கு மேல் சுமத்தினால் அது சுரண்டல், வேலையும் நடக்காது.

மானியம் டாலரில் வரும், செலவு உள்ளூர்ப் பணத்தில். பட்ஜெட் எழுதிய நாளிலிருந்து பணம் கையில் வர 6 மாதம்கூட ஆகலாம். பயன்படுத்திய மாற்று விகிதத்தையும் தேதியையும் பட்ஜெட்டின் அடியில் எழுதுங்கள். விலைவாசி வேகமாக ஏறும் நாடு என்றால் பாக்கெட், மாத்திரை, அச்சு மூன்றையும் பணம் வந்த முதல் மாதமே வாங்கிவிடுவதாகத் திட்டமிடுங்கள்.

8. இப்போது படிவத்தைத் திறவுங்கள்

கையில் எண், கடிதம், கணக்கு, பட்ஜெட் எல்லாம் இருப்பதால் எழுதுவது இரண்டு நாள் வேலை. முதலில் செயல்பாட்டுப் பகுதியை எழுதுங்கள், சுருக்கத்தைக் கடைசியில். சுருக்கத்தை முதலில் எழுதினால் பிறகு மாறிய எண்கள் அதில் பழையபடியே நிற்கும். பரிசீலிப்பவர் முதலில் படிப்பது அதைத்தான்.

முடித்ததும் ஒரே ஒரு சோதனை. குறிக்கோளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் செயல்பாட்டில் ஒரு வரியும், ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரியும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பட்ஜெட்டில் மடிக்கணினி இருந்து செயல்பாட்டில் அது எங்குமே இல்லையென்றால், சந்தேகம் மடிக்கணினியோடு நிற்காது.

நாட்டின் பொதுநிலையை விளக்க இரண்டு பக்கம் செலவிடாதீர்கள். குழந்தைகளின் படம் இணைப்பதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். கடைசி நாளுக்கு 3 நாள் முன்பே அனுப்புங்கள். கடைசி நாள் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் பாருங்கள்.

மறுக்கப்பட்டால் குறிப்புகள் தரக் கேளுங்கள். பல சிறு மானியக் குழுக்கள் தருவார்கள். திருத்தி அனுப்பும் விண்ணப்பத்தில், எந்தக் குறிப்புக்கு எங்கே மாற்றம் செய்தோம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

9. பணம் வந்த முதல் 60 நாள்

வரிசை முக்கியம்: கணக்கெடுப்பு முதலில், பயிற்சி இரண்டாவது, பொருள் வழங்கல் கடைசி. பயிற்சி முதலில் நடந்தால் தன்னார்வலர் வீட்டுக்குத் திரும்பியதுமே சொல்லத் தொடங்கிவிடுவார். தொடக்க எண் அதற்குள் உயர்ந்துவிடும், ஆண்டு முடிவில் நீங்கள் காட்டும் மாற்றம் சுருங்கிவிடும்.

பயிற்சியின் 3 நாளில் பேச்சு ஒரு நாளுக்கு மேல் போகக் கூடாது. மீதி கையால் செய்வது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவரட்டும். அளவுக் குடுவையால் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தில் அந்த மட்டத்தை ஆணியால் கீறிக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பாக்கெட்டை முழுதாகக் கொட்டிக் கரைத்துச் சுவைக்க வேண்டும். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது. பாதிப் பாக்கெட்டை எடுத்துவைக்கும் பழக்கத்தை அப்போதே தடுங்கள். தூளில் உப்பும் குளுக்கோஸும் சமமாகக் கலந்து நிற்பதில்லை, பாதி எடுத்தால் எது எவ்வளவு வந்தது என்று தெரியாது.

அளவும் வாயில் வர வேண்டும். ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்னும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாக. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தாய்ப்பாலும் உணவும் தொடர வேண்டும். ஜிங்க்கில் வரும் வழக்கமான தவறு, மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்துவது. ஆகவே தன்னார்வலர் 3-ஆம் நாளும் 10-ஆம் நாளும் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையின் காலிக் குழிகளை எண்ண வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய அடையாளங்களைப் படத்தோடு பழக்குங்கள்: குடிக்க முடியாமை, மயக்கம், வலிப்பு, எதைக் கொடுத்தாலும் வாந்தி, மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெதுவாகத் திரும்புவது. கடைசி நாளில் ஒவ்வொருவரும் ஒரு தாய்க்குக் கற்றுக்கொடுப்பதுபோல் முழுவதையும் செய்துகாட்ட வேண்டும். செய்துகாட்ட முடியாதவருக்குப் பொருள் கொடுக்காதீர்கள், இன்னொரு நாள் பழக்குங்கள்.

10. மாதந்தோறும்: பதிவேடும் ரசீதும்

பதிவேட்டில் 7 கட்டத்துக்கு மேல் வேண்டாம்: தேதி, குழந்தையின் பட்டியல் எண், வயது மாதத்தில், கொடுத்த பாக்கெட், கொடுத்த மாத்திரை, அனுப்பப்பட்டதா, 10-ஆம் நாள் பார்த்தபோது எஞ்சிய மாத்திரை. பெயரும் முகவரியும் தனிப் பட்டியலில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

மாதக் கூட்டத்தில் பொருள் நிரப்புவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்: போன மாத இருப்பு, கழித்தல் பதிவேட்டில் கொடுத்தது, சமம் இப்போது பையில் உள்ளது. பொருந்தாவிட்டால் திருட்டு என்று பாயாதீர்கள். பெரும்பாலும் கொடுத்ததை எழுத மறந்திருப்பார்கள். எல்லாக் கட்டமும் ஒரே மையில், ஒரே கையெழுத்து ஓட்டத்தில் நிறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது கூட்டத்துக்கு முந்தைய இரவு எழுதியது.

ரசீதில் தேதி, கடைப்பெயர், பொருள், அளவு, தொகை ஐந்தும் வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்து வெறுந்தாளாகும். வாங்கிய அன்றே நகலெடுத்துச் சேர்த்துக் குத்துங்கள். ரசீது தராத சந்தைக்காரரிடம் வாங்கினால் நீங்களே வவுச்சர் எழுதி, விற்றவரின் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, ஒரு சாட்சியின் கையொப்பத்தோடு வையுங்கள். கூட்டப் படி வழங்கும்போதும் அப்படியே. கையெழுத்துப் பட்டியல் இல்லாத படியைத் தணிக்கை ஏற்காது.

2,000 டாலர் அனுப்பி 1,955 வந்து சேர்ந்தால் அறிக்கையில் 1,955 என்று எழுதாதீர்கள். வரவு 2,000, இடைவங்கிக் கட்டணம் 45 என்று காட்டி, வங்கி தரும் வரவுச் சீட்டை இணையுங்கள். அந்தத் தவணை முழுவதற்கும் வங்கி உண்மையில் மாற்றிய விகிதம் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

11. அறிக்கையும் ஆண்டு முடிவும்

அடுத்த தவணை பெரும்பாலும் முந்தைய அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் வரும். 12-ஆம் மாதம் முடிந்து எழுதத் தொடங்கினால் 13, 14-ஆம் மாதங்களில் கையில் பணம் இருக்காது. மாதக் கூட்டம் நிற்கும். 10-ஆம் மாதமே கணக்குப் பகுதியை எழுதத் தொடங்குங்கள். இறுதிக் கணக்கெடுப்பின் எண்களை மட்டும் கடைசியில் நிரப்பலாம்.

இலக்கை எட்டாவிட்டால் அப்படியே எழுதுங்கள். 40 என்று சொல்லி 28 வந்திருந்தால், தன்னார்வலர் பகுதிவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். 12 பேரில் 8 பேர் பகுதியில் 38 சதவீதமும் 4 பேர் பகுதியில் 8 சதவீதமும் வந்திருக்கலாம். குழந்தைகள் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருந்தால் சராசரி 28 ஆகும். அப்போது 2-ஆம் ஆண்டின் வேலை எது என்பது தானே தெரியும். ஒரு பட்ஜெட் வரியிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்ற வேண்டியிருந்தால் செலவழிக்கும் முன் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். செலவழித்த பின் கேட்பது விளக்கம், அனுமதி அல்ல.

கடைசி ஆண்டின் 9-ஆம் மாதத்தில் ஒப்படைப்பைத் தொடங்குங்கள். எந்தப் பதிவேடு யாரிடம், மிஞ்சிய பாக்கெட் எத்தனை, அவற்றின் காலாவதித் தேதி, தன்னார்வலரின் மாத இருப்பை இனி சுகாதார நிலையத்தில் யார் நிரப்புவார் என்ற பட்டியலை எழுதி, 4-ஆம் படியில் வாங்கிய கடிதத்தின் நகலோடு அதே அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அதிகாரி மாறியிருப்பார், புதியவருக்கு அந்தக் கடிதத்தை முதன்முறையாகக் காட்டுவதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.